தத்துக்கிளியை மறைத்த அட்டவணை

செங்கம்மாள் எதற்கெல்லாம் பயப்படுவாள் என்று பட்டியல் போட உட்கார்ந்தால் பொழுது போய்விடும். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் அவள் வீட்டு அழைப்புமணி அடித்தால், வந்திருப்பது யார் என்று இரண்டு மூன்று தடவை கேட்பாள். இஸ்திரிக்காரர்தான் என்று நிச்சயமான பிறகும் சங்கிலியை எடுக்கமாட்டாள். கதவிடுக்கு வழியாகவே ஒவ்வொரு துணியாக உருவி வாங்கிக்கொள்வாள். பஸ்ஸில் ஏறினால், இறங்க வேண்டிய இடத்தில் ‘ரோக்கோ’ என்று குரல் கொடுக்க வாய் வராது. வேறு யாராவது இறங்கினால் அவர்களோடு இறங்கிக்கொண்டு மிச்ச தூரத்தை நடப்பாள். தில்லிக்கு வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் இதுதான் நிலைமை.

சிரிக்கலாம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பயம் ஒன்றும் வானத்திலிருந்து வந்து அவள் தலையில் குதித்துவிடவில்லை. ராசிபுரத்திலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு வந்த ஏகாம்பரம், ஒரு நாள் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போனவர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போனார். படத்துக்குப் போட்ட மாலை வாடவில்லை. அதற்குள் ஒருவர் பைலோடு வந்து, வீட்டில் மின்விசிறி எத்தனை, குழாய் எத்தனை, ஜன்னல் கண்ணாடி எத்தனை உடைந்திருக்கிறது என்று எண்ணத் தொடங்கிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் ஏறி நின்று விசிறியைப் பார்த்தார். செங்கம்மாள் மகள் வைஷ்ணவியை அணைத்துக்கொண்டு சமையலறை மூலையில் நின்று, அந்த ஆள் எண்ணுவதையே கேட்டுக்கொண்டிருந்தாள். வீடு நம்முடையது இல்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

பிறகு கருணை அடிப்படையில் கணவனின் ஆபீசிலேயே அவளுக்குக் கிளார்க் வேலை கிடைத்தது. வேலையோடு வீடும் தங்கியது. ஆனால் இரண்டு வருஷம் ப்ரொபேஷன். அதற்குள் ஏதாவது ஏடாகூடமாக ஆனால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும், வீடு போனால் புசா ரோடு பள்ளிக்கூடத்தில் பத்தாவது படிக்கிற வைஷ்ணவியை இழுத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாது. இந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக நினைக்காமல் செங்கம்மாள் ஒரு நாள்கூட ஆபீஸ் படியில் கால் வைத்ததில்லை.

அந்த ஆபீசின் வேலை பூச்சிகளைக் கொல்வது. பயிரைத் தின்கிற பூச்சி, புழு, வண்டு எல்லாவற்றுக்கும் மருந்துப் பொடி வாங்கி, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு மண்டலக் கிடங்குகளுக்கு அனுப்பவேண்டும். எந்தக் கிடங்கில் எத்தனை மூட்டை மிச்சம் இருக்கிறது என்று கணக்கு வாங்கி மேலே அனுப்பவேண்டும். செங்கம்மாளின் செக்‌ஷன் அந்தக் கணக்கைத்தான் பார்த்தது. செக்‌ஷன் ஆபீசர் ராஜகோபாலன் கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்த தமிழர், கறாரான மனிதர், ஓய்வுபெற ஒன்றரை வருஷம் இருந்தது. தமிழ்க்காரர் மேலதிகாரியாக இருந்தால் பயம் குறையும் என்று பார்த்தால், இவர் திட்டுவது ஒவ்வொரு சொல்லும் புரிந்து தொலைத்தது.

தொண்ணூற்று நாலில் அந்த செக்‌ஷனுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. வந்ததும் அதற்கென்று கண்ணாடித் தடுப்பில் ஓர் அறை, ஓர் ஏசி, தரையில் கம்பளம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மத்தியானம் மூடி வைக்கப் பூப்போட்ட உறை. மாப்பிள்ளைக்குக்கூட அத்தனை மரியாதை நடந்திருக்காது. தட்டச்சு தெரியும் என்பதால் செங்கம்மாளை அதன் முன்னால் உட்காரவைத்தார்கள். தப்பான பொத்தானில் விரல் பட்டால் ஆபீசின் மொத்தக் கணக்கும் அழிந்துவிடும் என்று அவள் நம்பினாள். ஒவ்வொரு எழுத்தையும் கொதிக்கிற பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி தொட்டுத்தொட்டு எடுத்தாள்.

அந்தப் பயத்தைப் போக்குகிறேன் பேர்வழி என்று வந்தவள் கமலேஷ். பக்கத்து மேஜைப் பஞ்சாபிக்காரி, எதற்கெடுத்தாலும் வயிறு குலுங்கச் சிரிப்பவள். அவளுடைய தம்பி நேரு பிளேஸில் கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்தான். அவனிடமிருந்து ஒரு விளையாட்டை வாங்கி வந்து மெஷினில் ஏற்றினாள்.

“அரே செங்கம்மா, டரோ மத், பயப்படாதே. இதை ஆடு, கை பழகிடும்” என்றாள் பாதி இந்தியிலும் பாதி தனக்குத் தெரிந்த தமிழிலும்.

விளையாட்டின் நாயகன் ஒரு தத்துக்கிளி. கமலேஷ் அதை ‘டிட்டா’ என்றாள். பச்சை நிறம், கழுத்தில் சிவப்புத் துணி. இலைக்கு இலை தாவி, மேலிருந்து நூல் விட்டு இறங்கும் சிலந்திகளை எட்டி உதைத்து, பல்லியின் நாக்குக்குத் தப்பி, கடைசியில் தலைக்குமேல் வந்து விழும் ஒரு மனிதக் காலையும் ஏமாற்றி அடுத்த தோட்டத்துக்குப் போகவேண்டும். நேரு பிளேஸைத் தாண்டி வேறு எங்கும் யாரும் அதைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். பூச்சிகளைக் கொல்கிற ஆபீசில், பூச்சியைக் காப்பாற்றுகிற ஆட்டம். கமலேஷுக்கு அதை நினைத்து நினைத்துச் சிரிப்பு.

செங்கம்மாளைப் பிடித்துப்போட்டது வேறு விஷயம். கொஞ்ச நேரம் எந்தப் பொத்தானையும் அமுக்காமல் விட்டால், அந்தத் தத்துக்கிளி நடுங்கும். பின்னால் திரும்பிப் பார்க்கும், மேலே பார்க்கும், கால்களை ஒடுக்கிக்கொள்ளும். அம்புக்குறியைத் தொட்டால் அதே நடுக்கத்தோடு பாய்ந்து சிலந்தியை ஓர் உதை விடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பயந்துகொண்டே உதைக்க முடியும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

குளிர் காலம் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீசே காலியாகிப் புல்வெளி வெயிலுக்குப் போய்விடும். பெண்கள் ஸ்வெட்டர் பின்னுவார்கள், ஆண்கள் வேர்க்கடலை உரித்தபடி சீட்டாடுவார்கள். செங்கம்மாள் மட்டும் தயிர்ச்சாதத்தை அவசர அவசரமாக விழுங்கிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் நுழைவாள். அவள் வாழ்க்கையில் யாருக்கும் தெரியாமல் செய்த ஒரே காரியம் அதுதான்.

புல்வெளிக்குப் போவதற்குமுன் கமலேஷ் ஒரு ரகசியம் சொல்லிக்கொடுத்திருந்தாள். மேல் வரிசையில் கடைசிப் பொத்தானை அமுக்கினால் தத்துக்கிளி, சிலந்தி எல்லாம் மறைந்து, திரை முழுக்க ஓர் அட்டவணை வந்துவிடும். ஆபீசில் திருட்டுத்தனமாக ஆடுகிறவர்களுக்கென்றே ஆட்டத்தைச் செய்தவன் வைத்திருந்த ஏற்பாடு அது. ஆங்கிலத்தில் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, எதிரே சும்மா நிரப்பிய எண்கள், கீழே கூட்டல். யார் பார்த்தாலும் கடுமையான வேலை நடப்பதாகத் தோன்றும். மறுபடி எந்தப் பொத்தானைத் தொட்டாலும் ஆட்டம் திரும்பிவிடும்.

“சாப் வந்தா இதை அமுக்கு. அப்புறம் கையைக் கட்டிண்டு உக்காரு” என்றாள் கமலேஷ்.

சாப் வந்தார். அன்று டைரக்டர் காலையிலிருந்தே கிடங்குக் கணக்கு கேட்டுக்கொண்டிருந்தார். மேற்கில் கொண்டைக்கடலையில் காய்ப்புழு விழுந்திருப்பதாகச் செய்தி. புதிதாக வந்த மருந்துப் பொடியை எந்த மண்டலத்துக்கு அனுப்புவது என்று மாலைக்குள் முடிவு செய்தாகவேண்டும். மூன்று மண்டலங்களின் கணக்குக் கடிதங்கள் வந்திருந்தன, மேற்கிலிருந்து மட்டும் வரவில்லை. வந்த மூன்றையும் ராஜகோபாலன் பிரித்துக்கூடப் பார்க்காமல் செங்கம்மாளிடம் தள்ளி, மேற்கும் வந்ததும் சேர்த்து டைப் செய்யச் சொல்லியிருந்தார்.

கண்ணாடிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் செங்கம்மாளின் விரல் தானாக அந்தப் பொத்தானுக்குப் போனது. தத்துக்கிளி பாதித் தாவலில் மறைந்தது. அவள் எழுந்து நின்றாள். ராஜகோபாலன் காலுறையோடு கம்பளத்தில் நடந்து வந்து திரையைப் பார்த்தார்.

“அடடே! நாலு ஸோனும் வந்துடுத்தா? லஞ்சுக்குக்கூடப் போகாம டைப் பண்ணிண்டிருக்கியா?”

இல்லீங்க சார் என்று சொல்லவேண்டும். இது கணக்கு இல்லை என்று சொன்னால், பின் இது என்ன என்று கேட்பார். விளையாட்டு என்று சொல்லவேண்டும். ப்ரொபேஷனில் இருக்கிறவள் அரசாங்க மெஷினில் விளையாடினாள் என்று ஆகும். அவள் தலை மட்டும் மேலும் கீழும் ஆடியது.

“பேஷ்! மேற்குல இவ்வளவு இருக்கா? நல்லதாப் போச்சு. பிரிண்டர்ல ரிப்பன் தீர்ந்து கிடக்கு, நானே எழுதிக்கறேன். டைரக்டர் பிராணனை வாங்கறார்.”

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மேஜையிலேயே குனிந்து ஒரு தாளில் எழுதத் தொடங்கினார். அவருடைய முழங்கை விசைப்பலகைக்கு ஒரு விரல்கடை தள்ளி இருந்தது. ஒரு எண்ணை எழுதினார், முழங்கை நகர்ந்தது. இன்னொரு எண், இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. அது பட்டால் போதும், சிவப்புத் துணி கட்டிய தத்துக்கிளி அவர் மூக்குக்கு நேரே குதிக்கும். மெல்லக் கையை நீட்டி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாமா என்று நினைத்தாள். இழுக்கும்போது தன் விரலே பட்டுவிடுமே என்று விட்டுவிட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முழங்கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் எழுதுவது பொய்க் கணக்கு என்பது அந்த நேரத்தில் அவள் நினைவிலேயே இல்லை. முழங்கை, பொத்தான், முழங்கை, பொத்தான், இவ்வளவுதான் உலகம்.

அவர் எழுதி முடித்துப் போன பிறகுதான் புத்தி திரும்பியது. வெறுங்காலோடு நடைகூடத்தில் ஓடினாள். அவர் டைரக்டர் அறைக்குள் நுழைவதும் கதவு மூடுவதும் தெரிந்தது. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பியூன், “க்யா ஹை?” என்றான். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

அரை மணி கழித்து ராஜகோபாலன் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார். அவள் மேஜையில் ஒரு சமோசாவை வைத்தார். “உன் பேரையும் சொல்லிருக்கேன். ஏகாம்பரத்தோட ஆத்துக்காரி, நன்னா வேலை பாக்கறான்னு” என்றார். அவரிடமிருந்து அவள் வாங்கிய முதல் நல்ல வார்த்தை அது. அதைத் திருப்பிக் கொடுக்க அவளால் முடியவில்லை. சமோசாவைத் தின்றாள்.

அந்த ஆபீசில் பைல் ஒரு தடவை மேலே போய்விட்டால் மேலே இருக்கிற குறிப்பை மட்டும்தான் பார்ப்பார்கள். அடியில் என்ன கடிதம் இருக்கிறது, இருக்கிறதா என்றே யாரும் புரட்டமாட்டார்கள். ‘மண்டல அறிக்கைகளின்படி’ என்று ராஜகோபாலன் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதன்மேல் இன்னும் இரண்டு கையெழுத்துகள் விழுந்தன. மேற்கில் தாராளமாக இருக்கிறது என்று முடிவாகி, புதிய பொடி அத்தனையும் கிழக்குக்கு லாரி ஏறியது.

செங்கம்மாள் கமலேஷிடம் மட்டும் சொன்னாள். கமலேஷ் கொஞ்சம் சிரித்துப் பார்த்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

“சுப் ரஹோ. வாயைத் திறந்தா உன் நௌக்ரி போயிடும். என் தம்பி பேரும் வரும். யாரு வந்து மூட்டையை எண்ணப்போறா?”

எண்ண வந்தார்கள். மேற்கிலிருந்து தந்தி வந்தது: கிடங்கில் பொடியே இல்லை, கடலை மொத்தமும் புழுவுக்குப் போகிறது, உடனே அனுப்புங்கள் என்று. தில்லி பதில் அனுப்பியது: எங்கள் கணக்கில் இருக்கிறதே. பெரிய ஆபீஸ் எழுதிவைத்த கணக்கு ஒன்று, கிடங்குக்காரன் சொல்வது ஒன்று. யார் சொல்வது எடுபடும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆள் போய் எண்ணிப் பார்த்ததில் கிடங்கு காலி, மூட்டைகளைக் கிடங்குப் பொறுப்பாளர் விற்றுத் தின்றுவிட்டார் என்று ஆயிற்று. பன்வாரி லால் என்று அவர் பெயர். சஸ்பெண்ட் செய்தார்கள். போலீசுக்கும் போனது.

ஆபீசில் எல்லோரும் சாயாவோடு அதைப் பேசினார்கள். செங்கம்மாள் ஒவ்வொரு நாளும் காலையில் இன்று சொல்லிவிடவேண்டும் என்று கிளம்புவாள். படியில் கால் வைத்ததும் வேலை, வீடு, வைஷ்ணவி என்று மூன்றும் வரிசையாக வந்து நின்றுவிடும்.

“ஏன் கண்ணு, அம்மாவுக்கு வேலை போயிருச்சுன்னா என்ன பண்ணுவ?” என்று ஒரு நாள் காலையில் கேட்டாள். வைஷ்ணவி பள்ளிக்கூடத்துக்கு ஷூ போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏன் போகும்? நீ ஆபீஸ்ல யார்கிட்டயும் பேசறதே இல்ல. சுப்சாப் உக்காந்து வர. ஒன்ன எதுக்குத் தூக்கப்போறாங்க?”

“சும்மாத்தான் கேட்டேன்.”

“அம்மா, ப்ளீஸ். எனக்கு போர்டு எக்ஸாம் இருக்கு. காலங்காத்தால டராவாத.”

பயமுறுத்தாதே என்று மகள் கேட்டுக்கொண்டாள்.

விசாரணைக்கென்று பன்வாரி லாலைத் தில்லிக்கு வரவழைத்தார்கள். ராஜகோபாலன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், முடி வெளுத்த மனிதர், கம்பளிச் சால்வையைத் தலையோடு போர்த்தியிருந்தார். பியூன் கொடுத்த தேநீரை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் கை ஆடியது. தேநீர் சால்வையில் சிந்தியது. போகிறவர் வருகிறவர் யாரைப் பார்த்தாலும் பாதி எழுந்து உட்கார்ந்தார். செங்கம்மாளுக்கு அந்த நடுக்கம் நன்றாகத் தெரியும், அவளுடைய சொந்த நடுக்கம்தான். ஆனால் அவள் செய்ததற்கு அந்த மனிதர் நடுங்கிக்கொண்டிருந்தார்.

அவள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“பெஹன்ஜி, நீங்க இந்த செக்‌ஷன்தானே?” என்று இந்தியில் கேட்டார். “எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் இந்தத் தடவை கணக்கே அனுப்பலை. கிடங்கு காலி, காலியா இருக்கறதுக்கு என்ன கணக்கு, பொடி வந்ததும் எழுதிக்கலாம்னு இருந்துட்டேன். அனுப்பாத கணக்கு உங்களுக்கு எப்படி வந்துச்சு?”

அவள் நேரே ராஜகோபாலன் அறைக்குள் போனாள். கதவைத் தட்டக்கூட இல்லை.

“சார், கொஞ்சம் கம்ப்யூட்டர் ரூமுக்கு வாங்க சார்.”

“இப்பவா? என்ன விஷயம்?”

“வாங்க சார்.”

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் எழுந்து வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றினார். அவள் மெஷினைப் போட்டாள், ஆட்டத்தைத் திறந்தாள். தத்துக்கிளி வந்து இலைமேல் நின்றது. அவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். அவள் கடைசிப் பொத்தானை அமுக்கினாள். அட்டவணை வந்தது. வேறொரு பொத்தானை அமுக்கினாள், தத்துக்கிளி. மறுபடி அட்டவணை.

“இதாங்க சார் அன்னைக்கி நீங்க எழுதிக்கிட்டுப் போனது. இது கணக்கே இல்லீங்க. நான் வெளையாடிக்கிட்டு இருந்தேன். நீங்க வரவும் இதை அமுக்கிட்டேன். சொல்றதுக்கு வாய் வரலீங்க சார்.”

திட்டுவார், கத்துவார், எதையாவது தூக்கி அடிப்பார் என்று அவள் காத்திருந்தாள். ராஜகோபாலன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்லக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

“எனக்குத் தெரியும்” என்றார்.

“சார்?”

“இந்தப் பூச்சியெல்லாம் தெரியாது. மேற்கு லெட்டர் வரவே இல்லைன்னு தெரியும். தந்தி வந்த அன்னிக்கே ஃபைலைப் பிரிச்சுப் பார்த்தேன். மூணுதான் இருந்துது. நம்பர் எங்கேர்ந்து வந்துதுன்னு உன்னைக் கேக்கலாம்னு வந்தேன். கேட்டா நீ என்ன சொல்லுவியோன்னு பயமா இருந்துது. கையெழுத்து என்னோடது செங்கம்மா. ஒன்றரை வருஷத்துல ரிடையர் ஆகணும்.”

இந்த மனிதரைப் பார்த்தா இத்தனை நாள் தொடை நடுங்கினோம் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. அதைவிடப் பெரிய பயமும் வந்தது. அவர் இருக்கிறார், பெரியவர் பார்த்துக்கொள்வார் என்று ஏதோ ஒரு மூலையில் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொள்ள மேலே யாருமே இல்லை. எல்லோரும் அவளைப் போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

“இதை மெஷின்லேர்ந்து எடுத்துடு” என்றார் ராஜகோபாலன், குரலைத் தாழ்த்தி. “லெட்டர் தொலைஞ்சு போச்சுன்னு எழுதிடலாம். அந்த ஆளுக்கும் சாட்சி இல்லைன்னு கொஞ்ச நாள்ல விட்டுடுவா. உனக்குப் பொண்ணு இருக்கா, வீடு இருக்கு. யோசி.”

அவள் யோசித்தாள். பொய் சொல்வானேன், நன்றாகவே யோசித்தாள். அழிக்கிற கட்டளையின் பாதியை டைப் செய்தும்விட்டாள். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே பெஞ்சும் சால்வையும் தெரிந்தன. யாரோ ஒரு பியூன் கடந்துபோனான், அவனுக்கும் பன்வாரி லால் பாதி எழுந்து உட்கார்ந்தார்.

செங்கம்மாள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். உடம்பு முழுக்க உதறிக்கொண்டுதான் இருந்தது, அதோடேயே போய்க் கதவைத் திறந்தாள்.

“பாயி சாப், இதர் ஆயியே” என்று பெஞ்சைப் பார்த்துக் கூப்பிட்டாள். அவள் ஆபீசில் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. நடைகூடத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பன்வாரி லால் வந்தார். செருப்பைக் கழற்ற வேண்டும் என்று கண்டு, நடுங்குகிற விரல்களால் வார்ப்பூட்டைக் கழற்ற முயன்றார். அது முடிகிற வரைக்கும் அவள் காத்திருந்தாள். பிறகு திரையைக் காட்டி, தனக்கு வந்த உடைந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னாள். தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது என்றாள். ராஜகோபாலன் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மனிதர் அழுவார் என்றோ அடிக்க வருவார் என்றோ அவள் எதிர்பார்த்தாள். அவர் அட்டவணையில் மேற்குக்கு நேரே இருந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“உங்களுக்கு எப்போ தெரியும்?” என்று கேட்டார்.

நேற்றுத்தான் தெரியவந்தது என்று சொல்லியிருக்கலாம். யாரும் மறுக்கப்போவதில்லை. ராஜகோபாலன்கூட நிமிர்ந்து அவள் அதைச் சொல்லமாட்டாளா என்று பார்த்தார்.

“ஷுரூ ஸே” என்றாள் செங்கம்மாள். ஆரம்பத்திலிருந்தே.

அவர் தலையாட்டினார். “வீட்டு முற்றத்தைத் தோண்டிப் பார்த்தாங்க” என்றார் நிதானமாக. “தெருவே நின்னு வேடிக்கை பார்த்துச்சு. போலீஸ் போனப்புறம் என் மகன் பக்கத்துல வந்து உக்காந்தான். படிச்சவன், இருபது வயசு. ‘பாபுஜி, மூட்டையெல்லாம் எங்கே வெச்சிருக்கே, என்கிட்ட மட்டும் சொல்லு’ன்னு கேட்டான்.”

சொல்லிவிட்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொள்ளக் குனிந்தார்.

அன்று பகலுக்குள் டைரக்டர் அறையில் மூன்று பேரும் நின்றார்கள். பன்வாரி லாலுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ராஜகோபாலனுக்கு மெமோ கிடைத்தது. செங்கம்மாளின் வேலையைப் பற்றி மேலே கேட்டு எழுதுவதாகச் சொன்னார்கள். ப்ரொபேஷனை இன்னும் ஒரு வருஷம் நீட்டிவிட்டு அதோடு விட்டார்கள், வேலையும் போகவில்லை, வீடும் போகவில்லை. ஆனால் அது பல வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அன்று மாலை வீடு திரும்பியபோது எல்லாம் போய்விட்டது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சப்பாத்தி போட்டு மகளுக்கு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். விளையாட்டு, பொத்தான், பொய்க் கணக்கு, புழு தின்ற கடலை, தோண்டிய முற்றம். வைஷ்ணவி சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் சிரித்தாள்.

“ஜூட்! பொய் சொல்ற. நீயா? அந்த ஆபீசர்தான் பண்ணிருப்பாரு. தப்ப ஒம்மேல போட்டுட்டாரு. நீ சீதா சாதா, வெகுளி, ஒத்துக்கிட்டு வந்துட்ட.”

“இல்ல கண்ணு. நாந்தான் பண்ணேன்.”

“அம்மா, கரப்பான் வந்தாலே அடிக்கமாட்ட. கதவிடுக்குல துணி வாங்குவ. நீ ஒரு ஆளை ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தியா? யாரு நம்புவா?”

இத்தனை வருஷமாக அந்த வீட்டில் இருந்த நம்பிக்கை அது. அம்மா பயந்தவள், அதனால் அம்மா யாருக்கும் கெடுதல் செய்யமாட்டாள். செங்கம்மாளும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். சரி என்று விட்டுவிட்டால் மகளிடமாவது அது மிஞ்சும்.

“பயந்துதான் கண்ணு பண்ணேன்” என்றாள். “அந்தாளு மாட்டிக்கிட்டாருன்னு தெரியும். தெரிஞ்சும் தெனமும் ஆபீசுக்குப் போய் உக்காந்துட்டு வந்தேன். ஒனக்குச் சோறு போட்டேன். ஒன்னும் சொல்லல.”

வைஷ்ணவி மெல்வதை நிறுத்தினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், நெடுநேரம் பார்த்தாள். கையிலிருந்த சப்பாத்தித் துண்டைத் தட்டில் வைத்தாள். அவள் நம்பிவிட்டாள்.